டெஸ்டருக்கும் பெரட்டு உண்டு

1. ரெட்டைக் கரண்ட்

ராகலைக் கடைத்தெருவில் வெசாக் பண்டிகைக்குக் கட்டிய காகித விளக்குக் கூடுகளை இன்னும் கழற்றாத வாரம் அது. வெள்ளிக்கிழமை காலை. நடந்ததை எல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்தச் சம்பவத்துக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. கூடுகள் நனைந்து தொங்கின, மலை மீது மேகம் இறங்கியிருந்தது என்றால் போதும். பேப்பரை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் வந்தபோது தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் செல்வத்திடமிருந்து போன் கோல் வந்தது.

“பாஸ், எங்க வீட்டுல கரண்ட் ரெட்டையா வருது.”

மலையகத்தில் மேசன், தச்சர், மெக்கானிக் என்று கைவேலை தெரிந்த எவரையும் ‘பாஸ்’ என்பார்கள். சிங்களத்திலிருந்து வந்த சொல். முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொழிற்சாலை என்னை விட்டாலும் அந்தச் சொல் விடவில்லை.

ரெட்டையாக என்றால் எப்படி என்று கேட்டேன். பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறதாம். ஆனால் வீட்டில் ஒரு பல்ப்பும் எரியவில்லையாம்.

“அவனும் சூடாவல பாஸ்.”

“எவன்?”

“கேக் சுடுற அவன்.”

இனிக் குழப்பம் வேண்டாம். கேக் அடுப்பு என்றே எழுதுகிறேன்.

அந்த அடுப்பு செல்வத்தின் மனைவி ஜெசிந்தாவுடையது. ஜெசிந்தா கொழுந்து பறிப்பவர். நுவரெலியாவில் ஒரு வகுப்புக்குப் போய்க் கேக் செய்யப் படித்துவிட்டு வந்து, முதலில் லயத்துப் பிறந்தநாட்களுக்கும், பிறகு பக்கத்துத் தோட்டங்களுக்கும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக டவுனிலிருந்து ஓர் ஓர்டர் வந்திருந்தது. நானுஓயாவில் சனிக்கிழமை கல்யாணம். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் கொடுக்கும் சின்னப் பெட்டிகளுக்கான, பழம் போட்ட ரிச் கேக். பாதியை வியாழக்கிழமையே சுட்டு எடுத்துவிட்டார். மீதிப் பாதிக்கு வெள்ளிக்கிழமை காலை மாவு தயார். அடுப்பைச் சூடேற்றப் போட்டதும் ஒரு நிமிஷம் சிவந்துவிட்டு அப்படியே அணைந்துபோயிருக்கிறது, வீட்டு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொண்டு.

போன் கை மாறியது.

“அண்ணே, வெள்ளைக்கரு அடிச்சு வச்சிட்டேன். அது யாருக்காகவும் காத்திருக்காதுங்க.” ஜெசிந்தாவின் குரலில் அழுகை இல்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் குரல்.

எதையும் தொட வேண்டாம் என்றேன். “லைன ஆஃப் பண்ணிட்டு வெளிய நில்லுங்க. நான் வர்றேன்.”

வீட்டுக்கு ஓடி மீட்டரையும் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

2. லைன் ஆஃப்

ஆங்கிலத்தில் வரிசையைச் சொல்லும் ‘லைன்’ எங்களிடம் வந்து லயம் ஆனது. சங்கீதம் படித்தவருக்கு லயம் என்றால் தாளம். எங்களுக்கு வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். லயம் என்றும் சொல்வோம், லயன் என்றும் சொல்வோம், அவசரத்தில் லைன் என்றும் சொல்வோம். என் தொழிலிலோ லைன் என்பது கரண்ட் வரும் கம்பி. இத்தனை வருஷம் இரண்டு அர்த்தத்தையும் ஒரே வாயால் பேசியிருக்கிறேன். அவை மோதிக்கொள்ளும் என்று தோன்றியதே இல்லை.

ஆட்டோ வளைவில் திரும்பியதும் லயம் முழுக்க இருட்டாக இருப்பது தெரிந்தது. ஒரு ஜன்னலிலும் வெளிச்சமில்லை. வாசலில் எல்லா வீட்டுக்காரர்களும் குடையோடும், மழைக்குத் தலையில் போட்ட கொங்காணியோடும் நின்றார்கள். ஒருவர் கையில் பாதி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

தலைவர் பெருமாள் முன்னால் வந்தார். தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்து மேனேஜரான தொரையிடம் பேசப் போவதும் அவர்தான், லயத்துச் சண்டையைத் தீர்ப்பதும் அவர்தான்.

“பாஸ், லைன ஆஃப் பண்ணச் சொன்னது நீங்களா?”

“ஆமா தலைவரே.”

“பண்ணிட்டோம். இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும். எங்க வீட்டு ரைஸ் குக்கர்ல சோறு பாதியில நிக்குது. இன்னும் எந்த லயத்த ஆஃப் பண்ணனும், சொல்லுங்க.”

செல்வம் பாவம். நான் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் செய்திருந்தார். வீடு வீடாக ஓடி, ‘பாஸ் லைன ஆஃப் பண்ணச் சொன்னாரு’ என்று எல்லா மெயின் சுவிட்சையும் இறக்க வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் இஸ்திரிக்காரர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு வேறு கவலை இருந்தது. அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். இந்த லயத்துக்கு ஒரே முகடு, ஒரே மரச்சீலிங். ஒரு வீட்டில் பற்றினால் அடுத்த வீடு தப்பாது. வேறொரு தோட்டத்தில் லயம் எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

“கேக் சுடுறது நல்ல விஷயம்தான். நான் இல்லங்கல. ஆனா இது லயம் பாஸ், பேக்கரி இல்ல. அந்த அடுப்ப இன்னைக்கே டவுனுக்கு ஏத்திரச் சொல்லுங்க.”

ஜெசிந்தா வாசற்படியில் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வெள்ளைக்கரு நுரை தளர ஆரம்பித்திருந்தது. அவர் தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தக் கிண்ணத்தில் இருந்தது ஒரு கல்யாணத்துக் கேக் மட்டும் அல்ல. அடுப்பு டவுனுக்குப் போனால் அது திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியும்.

நான் தலைவரிடம் ஓர் ஒப்பந்தம் வைத்தேன். முதலில் பார்த்துவிடுகிறேன். குற்றம் அடுப்பின் மீது இருந்தால் நானே அதைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

“சரி,” என்றார். “ஆனா நானும் பக்கத்துல நிப்பேன்.”

3. பெரட்டுக்களம்

செல்வத்தின் டெஸ்டரைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன். ரெட்டைக் கரண்டைக் கண்ட ஒரே சாட்சி அதுதான். சாட்சியை விசாரிக்காமல் வழக்கை விசாரிக்க முடியாது.

இதைப் படிக்கும் இளையவர்கள் எல்லோருடைய வீட்டு மேசை லாச்சியிலும் இந்த டெஸ்டர் இருக்கும். பார்க்கத் திருப்புளி மாதிரி. உள்ளே ஒரு குட்டி நியோன் விளக்கும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். நுனியைக் கம்பியில் வைத்து, பின்பக்க மூடியில் விரலை வைத்தால், மிக மிகச் சிறிய கரண்ட் நம் உடம்பு வழியாக நிலத்துக்குப் போகும். விளக்கு எரியும். எரிந்தால் அங்கே கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால்?

எரியாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. கரண்ட் இல்லாமல் இருக்கலாம். டெஸ்டர் பழுதாகி இருக்கலாம். நீங்கள் காய்ந்த பலகை மேல் நிற்கலாம். விரல் மூடியில் படாமல் இருக்கலாம். வெயில் வெளிச்சத்தில் அந்த மங்கல் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே எந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே எரிந்தால்தான் சந்தேகமான இடத்துக்கு அதைக் கொண்டு போகலாம்.

தொழிற்சாலையில் இதற்கென்றே ஒரு பாயிண்ட் வைத்திருந்தோம். இங்கேயோ லயம் முழுவதும் அணைந்து கிடந்தது. கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்றுகூட இல்லை.

“என்னா பாஸ், பார்க்கலயா?” என்றார் தலைவர்.

“பெரட்டு எடுக்க இடமில்ல தலைவரே.”

அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியாது. காலையில் வேலைக்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். ‘பரேட்’ என்பது உருண்டு திரண்டு இப்படி ஆனது என்பார்கள். அது நடக்கும் இடம் பெரட்டுக்களம். பெயர் கூப்பிட்டு, ஆள் வந்திருந்தால்தான் கொழுந்து மலைக்கு அனுப்புவார்கள். முழு நாள் சம்பளம் என்றால் முழுப் பேர், பாதிச் சம்பளம் என்றால் அரைப் பேர்.

டெஸ்டருக்கும் அப்படித்தான் என்றேன். அது வேலைக்கு வந்திருக்கிறதா என்று தெரியாமல் மலைக்கு அனுப்பக் கூடாது. ஒரு வீட்டில் கரண்ட் போட்டால் அதுதான் பெரட்டுக்களம்.

ஜெசிந்தா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “அப்ப டெஸ்டருக்குப் பேர் போட்டாச்சா அண்ணே? அரைப் பேரா, முழுப் பேரா?”

பக்கத்து வீட்டுப் பார்வதி. ஜெசிந்தாவுக்கு மாவு கிளறிக் கொடுக்கும் கூட்டாளி. மார்கழி மாதம் விரதம் இருந்துகொண்டே கிறிஸ்மஸ் கேக்குக்கு முட்டை உடைக்கிறவர். வாய்க்கு ஓய்வு கிடையாது.

நான் தலைவரிடம் சொன்னேன். “உங்க வீட்டு லைன மட்டும் போடச் சொல்லுங்க.”

தலைவர் முகம் கொஞ்சம் இளகியது. பாதியில் நின்ற சோறு ஞாபகம் வந்திருக்கும். தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “அடி, பாஸ் லைன போடச் சொல்றாரு.”

தன் மனைவிக்குத்தான் சொன்னார். ஆனால் அது லயத்துக் குரல். வீட்டுக்கு வீடு தாவிக்கொண்டே போனது. அது எதுவரை போனது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தலைவர் வீட்டு ரைஸ் குக்கரைக் கழற்றிவிட்டு அந்த பிளக் பாயிண்டில் செல்வம் டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது. தலைவருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. பெரட்டில் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டார்.

“டெஸ்டர்?”

“வந்திருக்குங்கய்யா,” என்றார் செல்வம்.

லயமே சிரித்தது.

4. ரெண்டாம் பெரட்டு

வாசலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. செல்வம் முன்னால் போனார். நான் மீட்டரை நனையாமல் மறைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஜெசிந்தா வீட்டுக் கல்படியில் செல்வத்தின் கால் வழுக்கியது. டெஸ்டர் கையிலிருந்து விழுந்து கல்லில் ஒரு தடவை துள்ளியது. எடுத்து சாரத்தில் துடைத்துக்கொண்டார். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

அடுப்பு பிளக்கைக் கழற்றிவிட்டு, செல்வம் பிளக் பாயிண்டின் ஓர் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. மற்ற ஓட்டையிலும் எரியவில்லை. சமையலறைப் பல்ப்பின் சுவிட்ச் போட்டபடி இருந்தது, ஆனால் பல்ப் இருட்டு. லயமும் ஆஃப், வீட்டு மெயினும் ஆஃப். எல்லாம் பொருந்தியது.

“ஒண்ணுமில்ல பாஸ். சுத்தம்.” அதே டெஸ்டரின் முனையால் பிளக் பாயிண்டின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். ஒரு திருகாணி கையோடு வந்தது. தகட்டை இழுத்துப் பின்னால் இருக்கும் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று விரலை நீட்டினார்.

“செல்வம், கைய எடுங்க. இன்னொரு பெரட்டு இருக்கு.”

“இப்பதானே பாஸ் பேர் கூப்பிட்டோம்?”

“அது காலைப் பெரட்டு.”

செல்வம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். இல்லை என்று சொன்ன டெஸ்டர் அதைச் சொன்ன நேரத்தில் உயிரோடு இருந்ததா என்று பார்க்கத்தான் இந்த இரண்டாவது. பலர் முதலாவதைச் செய்வார்கள், இதை விட்டுவிடுவார்கள். பார்வதி மாவைக் கிளறுவதை நிறுத்தாமல் தன் பங்குக்குச் சொன்னார். “அது நெசந்தான் செல்வண்ணே. அந்திக்குக் கொழுந்து நிறுவைக்கும் ஆள் வரணும். காலையில பேர் குடுத்துட்டு மத்தியானமே ஓடுற ஆளுங்க நம்மகிட்ட இல்லையா?”

தலைவர் வீட்டுக்குத் திரும்பினோம். அதே பாயிண்ட், அதே ஓட்டை. செல்வம் டெஸ்டரை வைத்தார்.

எரியவில்லை.

விரலை மாற்றி வைத்தார். எரியவில்லை. தலைவர் ரைஸ் குக்கரைச் செருகிப் பார்த்தார். அதன் விளக்கு உடனே எரிந்தது. இடத்தில் கரண்ட் இருந்தது. ஆள்தான் வரவில்லை.

தலைவர் இந்தத் தடவை பெயர் கூப்பிடவில்லை. செல்வம் தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

என் மீட்டரை எடுத்தேன். டெஸ்ட் வயர்களில் தோல் எங்கும் வெடிக்கவில்லை என்று பார்த்தேன். வயர்கள் வோல்ட் துளையில் இருக்கின்றனவா என்று பார்த்தேன், அம்பியர் துளையில் இருந்தால் விபரீதம். ஏசி வோல்ட்டில் பெரிய ரேஞ்சுக்குத் திருப்பி, தலைவர் வீட்டு பாயிண்டில் வைத்தேன். இருநூற்று முப்பதுக்குச் சற்றுக் கீழே காட்டியது. மீட்டர் வந்திருக்கிறது. அதைக் கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போய், கறுப்பு வயரை எர்த் ஓட்டையிலும் சிவப்பை லைன் ஓட்டையிலும் வைத்தேன்.

முழு வோல்ட் காட்டியது. செல்வம் விரல் நீட்டிய அதே இடம்.

“மெயின யாரு போட்டது?” என்று கேட்டேன்.

கிண்ணத்தில் கரண்டி நின்றது. “நாந்தான் அண்ணே,” என்றார் பார்வதி. “லைன போடச் சொன்னீங்கன்னு சத்தம் வந்துச்சு. போட்டேன். பல்ப் எரியல. சரி, கரண்ட் வரல போலனு விட்டுட்டேன்.”

ஒரு சொல் வாசலைத் தாண்டி வந்து மெயினை ஏற்றியிருந்தது. கரண்ட் இருந்தும் பல்ப் எரியாத வீடு என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. கல்படியில் விழுந்த டெஸ்டரோ இல்லை என்று சொல்லிவிட்டது. மூன்றும் ஒரே இடத்தில் கூடி நின்றன. நடுவில் குறுக்கே நின்றது இரண்டாம் பெரட்டு மட்டும்தான்.

பார்வதிக்குக் கண் கலங்கியது. செல்வம்தான் முதலில் பேசினார்.

“விடு தங்கச்சி. எனக்கு முழுப் பேரு போட்டாச்சு.”

பார்வதி அழுதுகொண்டே சிரித்தார். அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் மெயினை இறக்கியதும், அதன் மேல் டேப் ஒட்டி, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

5. போற கம்பி, வர்ற கம்பி

மெயின் ஏறியிருந்ததால் ரெட்டைக் கரண்டையும் பார்த்துவிடலாம் என்று எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். நியூட்ரல் ஓட்டைக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தேன். கரண்ட் இருக்கவே கூடாத அந்த ஓட்டையிலும் முழு வோல்ட். தலைவர் எட்டிப் பார்த்து, “அப்ப ரெட்டைதான்,” என்றார். பிறகு இரண்டு ஓட்டைக்கும் இடையில் அளந்தேன். மீட்டர் சைபருக்கு வந்து நின்றது.

“இது என்னா கூத்து?”

கூத்து இல்லை. கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போக ஒரு பாதை, இறங்கி நிறுவைக்கு வர ஒரு பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இறங்கும் பாதையில் பாலம் உடைந்தால் என்ன ஆகும்? போனவர்கள் எல்லோரும் அந்தப் பாலம் வரைக்கும் வந்து நெருக்கியடித்து நிற்பார்கள். போகும் பாதையிலும் ஆள், இறங்கும் பாதையிலும் ஆள். பார்க்கிறவருக்குக் கூட்டம் ரெட்டிப்பு. ஆனால் ஒரு கூடைகூட நிறுவைக்கு வராது. அந்த வீட்டில் கரண்ட் திரும்பும் பாதையான நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தது. சுவிட்ச் போட்டிருந்த சமையலறைப் பல்ப்பின் வழியாக லைன் கரண்ட் நியூட்ரல் கம்பிக்குள் இறங்கி, திரும்ப வழியில்லாமல் அங்கேயே நின்றது. அதைத்தான் டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் காட்டியது. பல்ப்பின் சுவிட்சை அணைத்தேன். நியூட்ரல் ஓட்டையில் வோல்ட் விழுந்துவிட்டது.

“அப்ப கரண்ட் கூடல. திரும்பப் போக வழியில்ல,” என்றார் ஜெசிந்தா.

அதுதான். நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மெயினை இறக்கினேன். டேப் ஒட்டினேன். ஜெசிந்தாவைப் பக்கத்தில் நிறுத்தினேன். முட்டை அடிக்கும் துடுப்போடு அவர் காவல் நின்றார். மூன்று ஓட்டைகளையும் ஒன்றோடொன்று மாற்றி மாற்றி அளந்தேன், எங்கும் ஒன்றுமில்லை. மீட்டரைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன், காட்டியது. அதன் பிறகே ஏணியை வைத்துச் சீலிங்கில் ஏறினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை, கருகல் மணம் வழி காட்டியது. எப்போதோ யாரோ லைட் வயரில் கையால் முறுக்கி, டேப் சுற்றி, அடுப்பு பாயிண்டுக்கு நீட்டியிருந்தார்கள். லைட்டுக்குப் போட்ட மெல்லிய வயர். அடுப்பு இழுத்த இழுப்பில் நியூட்ரல் முறுக்குச் சூடேறி, கருகி, விட்டுப்போயிருந்தது. பக்கத்துப் பலகை உள்ளங்கை அளவுக்குக் காப்பி நிறத்தில் தீய்ந்திருந்தது.

தலைவரை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“நான் சொன்னது சரியாப் போச்சு பாருங்க.”

“பயந்தது சரி தலைவரே. ஆளத்தான் மாத்திப் புடிச்சிட்டீங்க. அடுப்பு ஒண்ணும் பண்ணல. இந்த முறுக்குதான் குத்தவாளி.”

அவர் கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கேள்விதான் கேட்டார். அடுப்புக்கென்று தனி வயர் இழுத்தால் பயமில்லாமல் இருக்கலாமா? மெயினிலிருந்து தடித்த வயர், தனி பிரேக்கர், சரியான இணைப்பு, எர்த் இருந்தால் இருக்கலாம் என்றேன். “எழுதிக் குடுங்க,” என்று பட்டியலை வாங்கிக்கொண்டு தானே ராகலைக்குப் புறப்பட்டார். அவர் வரும்வரை கருகிய பகுதியை வெட்டி எடுத்து, லைட் வயரைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன்.

இதற்கிடையில் அடித்த வெள்ளைக்கரு முழுவதும் தண்ணீராகிவிட்டது. டவுனுக்குப் போய் முட்டை வாங்கிவர நேரமில்லை. பார்வதி வாசலில் நின்று குரல் கொடுத்தார். இந்தத் தடவை லயத்துக் குரல் நல்ல வேலைக்கு ஓடியது. இஸ்திரிக்காரர் வீட்டிலிருந்து முட்டை வந்தது. கடைசி வீட்டிலிருந்து, சூடு ஆறாத ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலைவரின் மனைவி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எங்க வீட்டுச் சோத்த விட ஒங்க கேக்குதான் அவருக்குப் பெருசாப் போச்சு,” என்றார். தண்ணீரான வெள்ளைக்கருவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு எல்லோருக்கும் ஆம்லெட் ஆனது. என் தொழில் வாழ்க்கையில் வேலைக்கு நடுவே கிடைத்த மிகச் சிறந்த மத்தியானச் சாப்பாடு அது.

வயர் வந்தது. இழுத்து முடித்து, டேப்பை உரித்து, மெயினை ஏற்றினேன். லைன் ஓட்டைக்கும் நியூட்ரலுக்கும் இடையில் முழு வோல்ட். லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் முழு வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சொல்லும்படி ஒன்றுமில்லை. கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனைத் தலைவரையே அழுத்தச் சொன்னேன். டக்கென்று விழுந்தது. அவர் துள்ளிவிட்டு, இன்னொரு தடவை அழுத்தலாமா என்று கேட்டார்.

கேக் அடுப்பு சிவந்தது. ஜெசிந்தா புது வெள்ளைக்கருவை மாவில் கலந்து தட்டில் ஊற்றி உள்ளே வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏலக்காயும் வனிலாவும் ஒரு வீட்டுக் கதவையும் மதிக்காமல் லயத்தின் எல்லா வாசலுக்கும் போயின. சத்தமில்லாத அந்த ஒரு செய்தியை யாரும் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை.

6. நானுஓயாவில்

சனிக்கிழமை கேக் பெட்டிகளோடு வேனில் நானும் போனேன். தலைவரும் வந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு. வளைவுகளில் பெட்டி சரியாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்று தானாகவே ஏறிக்கொண்டார்.

மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளை வந்துவிட்டார்கள், ஆனால் பாட்டு நின்றுவிட்டது. சவுண்ட் வேலைக்காரர் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் குந்தி, நீட்டு வயரின் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, “கரண்ட் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே வயரைப் பிரிக்கப் போனார். நான் எழுந்திருப்பதற்குள் தலைவர் அங்கே போய்விட்டார்.

“தம்பி, டெஸ்டருக்குப் பெரட்டு எடுத்தீங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. “என்னாங்கய்யா?”

தலைவர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, சுற்றிக்கொண்டிருந்த ஒரு மேசை விசிறியிடம் போனார். அதன் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் டெஸ்டரை வைக்கச் சொன்னார். இருந்த இடத்திலிருந்தே எனக்கு அந்தச் சின்னச் சிவப்பு தெரிந்தது.

“வந்திருக்கு,” என்றார் தலைவர் திருப்தியோடு. “இப்ப போய்ப் பாருங்க. பார்த்து முடிச்சதும் நிறுவைக்கு இங்கயே வரணும், சரியா?”

பக்கத்தில் கேக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவர் போன் மேசையில் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. பொண்ணு வீட்டுச் சொந்தக்காரர் யாரோ கேக் படத்தைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் மாதக் கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள் என்றார். அடுப்பு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்டதற்கு, “எங்க லயத்துல” என்று எழுதியிருந்தார்.

தொழிலுக்கு வரும் இளையவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இருக்கிறது என்று சொல்லும் டெஸ்டரை நம்பலாம். இல்லை என்று சொல்லும் டெஸ்டரிடம், நீ வந்திருக்கிறாயா என்று முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை கேட்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் ஒரு சொல்லைச் சொல்லும் முன், அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்றும் கேட்டுவிட வேண்டும்.

மேல் டிவிஷனில் இப்போது யாரும் கம்பியை லைன் என்பதில்லை. போற கம்பி, வர்ற கம்பி. லைன் என்றால் வீடுதான்.

சவுண்ட்காரர் நீட்டு வயரை மறுபடி பார்த்துவிட்டு, டெஸ்டரோடு விசிறி இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். எரிந்தது. வயரைப் பிரித்துச் சரிசெய்யத் தலைவர் தலையை ஆட்டி அனுமதி கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தபோது நான் கேக் பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தேன்.